பிறிஜற் மிசியின் தலைக்கு மேல் நின்ற குண்டு

யப்பான்காரனின் விமானங்கள் வெண்மணற்துறைக்கு வந்துபோன அந்தச் சித்திரை மாதக் காலையில், எண்ணெய்த் தாங்கிகளின் மேலும் சரக்குக் கப்பல்களின் மேலும் சுங்கக் கட்டடத்தின் மேலும் விழவேண்டிய குண்டுகள் எல்லாம் விழுந்து, எரிய வேண்டியது எரிந்து, சாவார்கள் என்று யாரும் நினைக்காதவர்கள் செத்து, புகை மெல்லக் கடல் பக்கம் போன பிறகு, ஒரு குண்டு மட்டும் விழாமல் மிஞ்சியது. அது மிஷன் ஆஸ்பத்திரியின் கொல்லைப்புறத்தில், துணி காயப்போடும் கொடிகளுக்கு மேலே, மூன்று தென்னை உயரத்தில், மூக்கால் நிலத்தைப் பார்த்தபடி நின்றது. அதற்கு நேர் கீழே, ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி பிறிஜற் நின்றாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மதலேனம்மா.

ஆஸ்பத்திரி விரிப்பை ஒருத்தியால் முறுக்க முடியாது. தடித்த துணி; தண்ணீர் குடித்தால் செத்த மாட்டின் கனம் வரும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒருத்தி இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, துணி கயிறாகி இருவரையும் தன்னை நோக்கி இழுக்கும்வரை முறுக்கவேண்டும். கடற்கரைத் தெரு மதலேனம்மா பிள்ளை இல்லாத கைம்பெண், நாற்பது கடந்தவள், ஆஸ்பத்திரிச் சலவைக்கு அவள்தான் பொறுப்பு. அவளுடைய பலத்துக்கு ஈடுகொடுக்க ஒருத்தி கிடைத்தது பிறிஜற் வந்த பிறகுதான். அயர்லாந்திலிருந்து கன்னியாஸ்திரிகளோடு கப்பலேறி வந்த அந்தப் பெண்ணுக்கு இருபத்தொரு வயது. தாதி அல்ல, தாதிகள் செய்யாத வேலைகளைச் செய்பவள்; ஆனாலும் ஊர் தாதிகளைக் கூப்பிடுவதுபோல அவளையும் மிசி என்றே கூப்பிட்டது. ஊசி அவிப்பாள், மலச்சட்டி கழுவுவாள், பிணம் துடைப்பாள், துணி முறுக்குவாள். முகம் நிறையச் செம்புள்ளிகள். வந்த புதிதில் அதைத் தேமல் என்று நினைத்து ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளும் எல்லாவற்றையும் பூசிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்த தமிழ் வார்டில் பொறுக்கியது. எங்க நோகுது, வாயைத் திற, மூச்சை இழு, பொய் சொல்லாத, இன்னும் கொஞ்சம் குடி. குணமானவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, "சுகம். வீட்ட போ," என்பாள். இந்த ஏழெட்டு வசனங்களை வைத்துக்கொண்டே அவள் சண்டை பிடித்தாள், பகிடி விட்டாள், ஊர்ப் புதினம் கேட்டாள்.

"பிள்ளை, உன்ர தலைக்கு மேல என்னமோ நிக்குது," என்றாள் மதலேனம்மா.

பிறிஜற் அண்ணாந்து பார்த்தாள். "பெரிசு," என்றாள். பிறகு, விரிப்பு கையில் இருந்தபடியால், இருவரும் அதை முறுக்கி முடித்துக் கொடியில் போட்டார்கள்.

அவள் சமையலறைக்குப் போனாள், குண்டு சமையலறைக்கு மேலே போனது. கிணற்றடிக்குப் போனாள், கிணற்றடிக்கு வந்தது. வார்டுக்குள் போனபோது, எரிகாயக்காரர்கள் நிறைந்த கூரைக்கு மேலே அது வந்து நின்றதை யாரோ கத்திச் சொன்னார்கள். அவள் வைத்த காலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள்தான், பிறகு அந்தக் கூரையின் கீழ் போகவேயில்லை.

பட்டாளத்தார் வந்தார்கள். முக்காலி வைத்த கண்ணாடியால் அளந்தார்கள். அது அசையாமல் நிற்கவில்லை, விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதுபோல விழுகிறது என்று கண்டுபிடித்தார்கள். சுடலாமா என்று ஊரார் கேட்டதற்கு, சுட்டால் வெடிக்கும் என்றார்கள். பிடித்து இறக்கலாமா என்றதற்கு, விழாத குண்டைத் தொடுவதற்குத் தங்களுக்கு உத்தரவில்லை, விழுந்த பிறகு சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினார்கள்.

"எங்கட நாடு சண்டையில இல்லை," என்று பிறிஜற் அவர்களுக்குத் தன் மொழியில் சொன்னது பிறகு தமிழாகி ஊருக்குள் வந்தது. அயர்லாந்து இந்தப் போரில் எந்தப் பக்கமும் சேராத நாடு. கோயில் மணியடிக்கும் சங்கிலித்தாம் யுவானிப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, "அது குண்டுக்குத் தெரியாது போல," என்றார். "ஆனா இவ்வளவு மெல்ல விழுற குண்டை நான் கண்டதேயில்லை."

"நீங்கள் எந்தக் குண்டைக் கண்டனீங்கள், யுவானியண்ணை?" என்றாள் மதலேனம்மா. "அண்டைக்கு முழுக்கக் கட்டிலுக்குக் கீழயெல்லோ கிடந்தனீங்கள்."

ஊர் அதற்குப் பழகிய வேகத்தை இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள். முதல் கிழமை கடற்கரைத் தெருவே வேலைக்குப் போகாமல் வானத்தைப் பார்த்தது. அடுத்த கிழமை, பிறிஜற் எந்தத் தெருவால் வருகிறாள் என்பதை வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லக் கற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் அவளுக்கு முன்னால் குண்டின் நிழல் சுளகளவு வட்டமாகத் தெருவில் ஊர்ந்து வரும், கோழிகள் பருந்தென்று நினைத்துக் குஞ்சுகளைக் கூப்பிடும். நிழல் வாசலைத் தாண்டும்வரை பெண்கள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவைத்தார்கள், தாண்டியதும் ஊதினார்கள். கடைக்காரர் பாணையும் சீனியையும் பொட்டலம் கட்டித் தெருமுனையில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, நல்ல மரியாதையோடு தூர நின்று தலையாட்டினார். ஒரு காகம் குண்டின் வாலில் கூடு கட்டியது. கூட்டில் குஞ்சு பொரித்ததும், குண்டு நிலத்துக்கு வருவதற்கு முன் குஞ்சுக்கு இறக்கை முளைத்துவிடுமா என்பதே ஊர்க் கவலையாக இருந்தது. முளைத்தது. குஞ்சுகள் பறந்த அன்று சந்தையில் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி; பிறிஜற்கூடக் கைதட்டினாள்.

கன்னியாஸ்திரிகளின் தலைவியான பெரிய மதர் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேச நினைத்து, கூப்பிட முடியாமல், மூன்றாம் நாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, அவளே தன் பெட்டியைக் கட்டினாள். ஊரை ஒட்டிக் கடல்நீர் தேங்கும் களப்பின் நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. முன்பு வாந்திபேதி வந்தவர்களை ஒதுக்கி வைத்த ஓலைக் கொட்டில் அங்கே கிடந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோகலாம். அவள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துபோனாள். குண்டின் நிழல் தண்ணீரில் பின்னாலேயே போனது. கரையில் நின்ற சனம் அழுதது, சிலர் கூடவே தண்ணீரில் இறங்கி முழங்கால்வரை போய்த் திரும்பினார்கள். இவர்களில் பலருடைய புண்ணை அவள் கழுவியிருந்தாள். இதற்கு மேல் என்ன செய்வதென்று அவர்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மறுநாள் காலை மதலேனம்மா ஈரத் துணி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு களப்பில் இறங்கினாள்.

"போ," என்றாள் பிறிஜற், தூரத்திலிருந்தே கையைக் காட்டி.

"விரிப்பை என்னெண்டு தனிய முறுக்குறது? நீயே சொல்லு."

"பொய் சொல்லாத."

"சரி, பொய். மற்ற முனையைப் பிடி."

ஒரு விரிப்பின் நீளம்தான் இருவருக்கும் இடைவெளி. முறுக்க முறுக்க அதுவும் குறையும். அந்த இடைவெளிக்குள் நின்று மதலேனம்மா ஒவ்வொரு காலையும் ஆஸ்பத்திரித் துணி முழுவதையும் முறுக்கினாள். ஊரில் அவளைப் பார்த்து, உனக்கென்ன விசரா என்று கேட்டவர்களுக்கு, வேலை கிடக்கு, போங்கள் என்றாள். அவள் மனதில் இருந்தது ஒன்றுதான்: அந்தப் பிள்ளை தனியே நிற்கும்போது அது விழக்கூடாது. விழுவதைத் தடுக்க முடியாது. அதை அவள் முதல் நாளே ஏற்றுக்கொண்டுவிட்டாள். தனியே என்பதை மட்டும் தடுக்கலாம் என்று நம்பினாள்.

குண்டு ஒரு தென்னை உயரத்துக்கு வந்தபோது, ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்ற சனத்திடம் யுவானிப்பிள்ளை தன் யோசனையைச் சொன்னார்.

"சாவு எதுக்கு வருது? அழுகையை வாங்கிக்கொண்டு போக வருது. அதை நாங்கள் முன்கூட்டியே குடுத்திட்டா அதுக்கு இஞ்ச என்ன வேலை? படலையில நிண்டு எட்டிப் பார்க்கும். ஓ, இந்த வீட்டில முடிஞ்சுதோ எண்டு கேட்டுக்கொண்டு திரும்பிப் போயிடும்."

"அப்பிடியொரு சட்டம் திருச்சபையில இல்லை, யுவானி," என்றார் சுவாமி. மெலிந்த, களைத்த மனிதர். விமானங்கள் வந்துபோன நாளிலிருந்து அவர் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

"குண்டு ஆகாயத்தில நிக்கிறதுக்கும் சட்டம் இல்லைத்தானே, சுவாமி."

சுவாமி கூட்டத்தைப் பார்த்தார். வாரக்கணக்காக எதுவும் செய்ய முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற முகங்களில் முதல்முறையாக ஒரு வேலை கிடைத்த வெளிச்சம் தெரிந்தது. அதை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. "உடல் இல்லாம எப்பிடி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தச்சன் பெட்டி செய்யப் போய்விட்டான்.

மதலேனம்மா செய்தியைக் கொண்டுபோனாள். கையாலும் முகத்தாலும் விளங்கப்படுத்தவேண்டியிருந்தது.

"நான் சாகேல்லை," என்றாள் பிறிஜற்.

"ஓம் பிள்ளை."

"பெட்டிக்குள்ள ஆர்?"

"உன்ர தொப்பியும் மேலுடுப்பும்."

பிறிஜற் வாய்விட்டுச் சிரித்தாள். தங்கள் ஊரில் செத்தவீடென்றால் விடியவிடியச் சாராயமும் பாட்டும் செத்தவரைப் பற்றிய பகிடியும்தான் என்று பாதி வார்டுத் தமிழிலும் பாதி ஆட்டத்திலும் காட்டினாள். பிறகு விரலை நீட்டி, "அழு. இன்னும் கொஞ்சம் அழு. நல்லா மூச்சை இழு," என்று ஊருக்கே மருந்து கொடுப்பதுபோலச் சொல்லியனுப்பினாள்.

அந்தச் செத்தவீடு போல வெண்மணற்துறையில் அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை. துக்கமணி அடித்தது, பறை அடித்தது, கடைகள் பூட்டின, சைவக்காரரும் சோனகரும் வந்தார்கள், வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. ஒப்பாரி சொல்ல உட்கார்ந்த பெண்களுக்கு முதல் அடி கிடைக்கவில்லை; அவளுடைய தாயின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த ஆற்றைச் சொல்லி, எந்த மரத்தைச் சொல்லி அழுவது? அப்போது ஒருத்தி, அன்றைய குண்டுவீச்சில் துறைமுகத்தில் செத்துப்போய், உருத்தெரியாமல் மற்றவர்களோடு அவசரமாக வெட்டிய ஒரே கிடங்கில் போட்டு மூடப்பட்ட தன் மகனின் பெயரைச் சொல்லி ஓலமிட்டாள். அவ்வளவுதான். அந்தக் கிடங்கில் போடப்பட்ட எல்லோருடைய தாய்மாரும் பெண்சாதிமாரும், மணியும் பெட்டியும் பூசையும் இல்லாமல் அனுப்பிய தங்கள் ஆட்களை நினைத்து அந்தத் தொப்பிப் பெட்டியின் மேல் விழுந்து அழுதார்கள். உடம்பில் இருந்த கண்ணீரெல்லாம் அன்று தீர்ந்தது. மாலையில் பெட்டியைக் குழியில் இறக்கிவிட்டு வந்தபோது, காய்ச்சல் விட்டவர்களைப்போல எல்லோரும் லேசாக இருந்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மதலேனம்மா அந்தச் செத்தவீட்டுக்குப் போகவில்லை. அன்று முழுவதும் அவள் மணல்திட்டில் இருந்தாள். அவித்த மரவள்ளிக் கிழங்கும் பச்சைமிளகாய்ச் சம்பலும் கொண்டுபோயிருந்தாள். கரையில் மணி அடிக்கும்போதெல்லாம் பிறிஜற் ஒரு துண்டுக் கிழங்கைச் சம்பலில் முக்கி வாயில் போட்டு, உறைப்பில் ஊ ஊ என்று நாக்கை நீட்டிக் களப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். பறைச் சத்தம் கேட்டதும் ஈரக் காலோடு எழுந்து தங்கள் ஊர் ஆட்டத்தை ஆடிக் காட்டினாள்; கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்க, கால் மட்டும் துள்ளியது. மதலேனம்மாவும் ஆடிப் பார்த்து மணலில் குந்தி விழுந்தாள். இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். தலைக்கு மேலே குண்டு தன் பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் செய்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசையும் வைத்தார்கள். அதோடு ஊருக்குப் பிறிஜற் முடிந்துவிட்டாள்.

அதில் கெட்ட எண்ணம் கிடையாது. கடைக்காரர் கல்லின் மேல் பாண் வைப்பதை நிறுத்தினார். செத்தவர்களுக்குப் பாண் எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால்தான் அவருக்கே ஞாபகம் வந்திருக்கும். மீன்பிடிக்கப் போனவர்கள் மணல்திட்டில் செம்பட்டைத் தலை ஒன்று அசைவதைக் கண்டால் சிலுவை போட்டுக்கொண்டு வள்ளத்தைத் திருப்பினார்கள். பெரிய மதர் அவளுடைய படத்துக்கு மாலை போட்டு, அதன் முன் உண்மையான துக்கத்தோடு முழங்காலில் நின்றார். வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்தார்கள். ஒரு நாள் பிறிஜற் கரைக்கு வந்து தெருமுனையில் நின்று கூப்பிட்டபோது, நாய்கள் மட்டும் திரும்பிப் பார்த்தன. அவள் சற்றுநேரம் நின்றுவிட்டு, இரண்டு வாழைப்பழத்தைத் தானே பிய்த்துக்கொண்டு போனாள்.

மதலேனம்மா யுவானிப்பிள்ளையின் வீட்டுக்குப் போனாள்.

"யுவானியண்ணை, அது நிக்கேல்லை. இன்னும் கீழதான் வருது. ஓலையில முட்டும் எண்டு நேற்றுக் கூரையைப் பிரிச்சுப்போட்டம்."

"எது வருது, தங்கச்சி?"

"குண்டு."

யுவானிப்பிள்ளையின் கண்கள் கலங்கின. அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "எனக்கு விளங்குது. உமக்கு அந்தப் பிள்ளையில சரியான பாசம். ஒரு வருசம் போகட்டும், ஆறும்," என்றார். மனைவியைக் கூப்பிட்டு அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

அவள் தேத்தண்ணியைக் குடித்தாள். வேறு என்ன செய்வது? அந்த மனிதர் நல்லவர்.

பிறகு அவள் வீட்டுக்கும் போகவில்லை. பாயை எடுத்துக்கொண்டு மணல்திட்டுக்கே போய்விட்டாள். பிறிஜற் எழுந்து நின்றால் குண்டின் மூக்குத் தலைமுடியில் தட்டும் அளவுக்கு அது வந்திருந்தது. அதனால் அவள் குனிந்தே நடமாடினாள், உட்கார்ந்தே துணி முறுக்கினாள். அந்தக் கிட்டத்தில் பார்த்தால் அது ஒன்றும் பயங்கரமாக இல்லை; பழைய தண்ணீர்ப் பீப்பாவைப்போல வயிற்றில் துருவும், வாலில் காகக் கூட்டின் மிச்சமுமாக இருந்தது. வெயிலில் சுட்டது. உள்ளே தேன்கூட்டில் கேட்பதுபோல ஓர் இரைச்சல்.

"எங்க நோகுது?" என்று பிறிஜற் ஒரு காலை கேட்டாள். மதலேனம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு இடமும் இல்லை."

"பொய் சொல்லாத."

"நான் உன்னோட இருப்பன். நீ என்ன சொன்னாலும் இருப்பன். விளங்குதா? கைகளைப் பிடிச்சுக்கொண்டு இருப்பம். உன்ர தாய் இருந்தால் இருக்கமாட்டாவா?"

தாய் என்ற சொல் அவளுக்கு விளங்கியது. பிறிஜற் தலையை ஆட்டினாள். பிறகு மூட்டையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, மறுமுனையை நீட்டினாள். அது சுத்தமான விரிப்பு, முறுக்கிக் காய்ந்தது. ஏன் திரும்ப நனைக்கிறாள் என்று கேட்காமல் மதலேனம்மா வாங்கிக்கொண்டாள். இருவரும் முறுக்கினார்கள். துணி கயிறாகியது, கயிறு இறுகியது, இருவரின் முகங்களும் கிட்ட வந்தன. புள்ளி நிறைந்த அந்த முகம் எதையோ முடிவு செய்துவிட்டது என்பதை மதலேனம்மா கண்டுகொண்ட நேரம்,

"சுகம்," என்றாள் பிறிஜற். "வீட்ட போ."

கையை விட்டாள். இறுகியிருந்த துணி அவிழ்ந்து சுழன்று மதலேனம்மாவின் முகத்திலும் கழுத்திலும் அடித்துச் சுற்றியது. அதை இழுத்தெறிந்துவிட்டுப் பார்த்தபோது அந்தப் பெண் மணல்திட்டின் மறுகோடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். குனிந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வார்டில் ஓடக்கூடாது என்பதற்காக இத்தனை நாள் நடந்தே பழகிய அந்தப் பெண், ஓடினாள். குண்டு அவள் முதுகுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், நூல் கட்டி இழுத்த பட்டம்போலக் கூடவே போனது. மதலேனம்மா எழுந்து ஓடினாள். மணல் காலை விழுங்கியது. கனத்த உடம்பு. விழுந்தாள், எழும்பினாள், "பிள்ளை, நில்லு, நில்லடி," என்று கத்தினாள், திரும்ப விழுந்தாள். இரண்டாம் முறை தலையைத் தூக்கியபோது அங்கே மணல்திட்டின் பாதி இல்லை. அவள் காதுகளில் அந்தச் சத்தம் பிறகு சாகும்வரை இருந்தது.

களப்பைக் கடந்து, உடம்பெல்லாம் மணலும் இரத்தமுமாக அவள் ஊருக்குள் வந்தாள். சந்தை நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நேரே கோயிலுக்குப் போய்ச் சுவாமியின் காலடியில் உட்கார்ந்து, மணியடிக்கச் சொல்லுங்கள் என்றாள்.

"ஆருக்கு, மதலேனம்மா?"

சொன்னாள். சுவாமிக்கு மாத்திரம் ஏதோ பாதி ஞாபகம் இருந்ததுபோலத் தெரிந்தது. பிறகு அந்த ஞாபகமும் அவர் முகத்திலிருந்து வழிந்துபோனது. "ஒரு ஆளுக்கு எத்தனை தரம் அடிக்கிறது, அம்மா," என்று இரக்கத்தோடு கேட்டார்.

சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், மிஷன் ஆஸ்பத்திரி அரசாங்க ஆஸ்பத்திரி ஆனது. ஊர் அவளை மறக்கவில்லை, அதைக் குறை சொல்ல முடியாது. வருடந்தோறும் தொப்பிப் பெட்டி புதைத்த அந்த நாளில் நினைவுப் பூசை வைத்தார்கள், கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், பிள்ளைகளுக்கு அவள் கதையைச் சொன்னார்கள், பெண்கள் அழுதார்கள். மதலேனம்மா முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டாள். ஆனால் அவளால் அன்று அழ முடிந்ததில்லை. அன்றைய நாள் பிறிஜற் உயிரோடு இருந்த நாள். மணிச் சத்தம் கேட்டால் அவளுக்கு நாக்கை நீட்டி ஊ ஊ என்று குதிக்கும் ஒருத்திதான் தெரிந்தாள், வாயோரம் சிரிப்பு வந்தது, முக்காட்டை இழுத்து மறைத்துக்கொள்வாள். கூடத்தானே வேலை செய்தவ, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

மற்ற நாளை, உண்மையான நாளை, அவள் ஒருத்திதான் வைத்திருந்தாள். அன்று எந்தக் கதவும் சாத்தவில்லை. முதல் சில வருடங்கள் அன்று அவள் சமைக்காமல் இருந்து பார்த்தாள். சுகமில்லையோ என்று அயலவர் கஞ்சி கொண்டுவந்தார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

வயது போனபிறகு அவளைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்ட தங்கையின் மகள் அருளப்பிக்குக் கலியாணம் பேசியபோது, நாள், பிறிஜற் கையை விட்டு ஓடிய அந்த நாளில் விழுந்தது. எல்லோருக்கும் தோதான நாள் அதுதான் என்றார்கள். பெரியம்மா என்ன சொல்லுறீங்கள் என்று மரியாதைக்காக அவளையும் கேட்டார்கள். அவள் வாயைத் திறந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தாள். நல்ல நாள்தான் என்றாள்.

பந்தலில் நல்ல சனம். பாட்டுப் பெட்டி அலறியது. காலையிலிருந்து அவள் கைகள் மடியில் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தன. மணப்பெண் வந்து காலில் விழுந்தாள், நெற்றியில் சிலுவை போட்டு எழுப்பினாள். யாரோ அவளைப் பந்தியில் உட்காரவைத்தார்கள். பாயாசம் ஊற்றிக்கொண்டு வந்த அருளப்பியின் தம்பி குனிந்து, "இனிப்புக் காணுமா, பெரியம்மா, இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று கேட்டான்.

"காணும்," என்றாள்.